காகிதத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை எண்ணூர், மணலி, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கத்திலிருந்து வந்தவை. தங்கள் தெருவின் காற்றையும் ஆற்றையும் பற்றி அரசு எழுதி வைத்திருக்கும் காகிதங்களைத் தாங்கள் எப்படிப் பார்ப்பது என்பதே, கேட்கும் விதம் வேறானாலும், எல்லாருடைய கேள்வியாகவும் இருக்கிறது. பெயர் வெளியிட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டிருப்பதால் ஊரை மட்டும் குறிப்பிடுகிறேன்.

*

கேள்வி: வழக்கறிஞர் அம்மாவுக்கு வணக்கம். கொசஸ்தலை ஆற்றில் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைக்கும் குடும்பம் எங்களுடையது. அனல்மின் நிலையத்துச் சாம்பல் ஆற்றில் படிவதைப் பற்றித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். ‘சாம்பல் ஏன் ஆற்றில் கலக்கிறது, அதற்கு யார் பொறுப்பு, எப்போது சரிசெய்வீர்கள்’ என்று மூன்றே கேள்விகள். ‘தாங்கள் கோரியிருப்பது தகவல் என்ற வரையறைக்குள் வராது’ என்று ஒரு வரியில் பதில் அனுப்பிவிட்டார்கள். இது நியாயமா?
– மீனவர் ஒருவர், காட்டுக்குப்பம்

பதில்: நியாயம் இல்லை. ஆனால் சட்டப்படி சரியா என்று கேட்டால், வருத்தத்தோடு சொல்கிறேன், பெரும்பாலும் சரிதான். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அரசு அலுவலகத்தில் ஏற்கெனவே ஏதாவது ஒரு வடிவத்தில் இருப்பதைத்தான் தகவல் என்கிறது. ஆவணம், கடிதம், ஆணை, பதிவேடு, ஒப்பந்தம், அறிக்கை, கருத்துக் குறிப்பு, மாதிரிப் பொருள், கணினியில் உள்ள தரவு என்று அதன் 2(எஃப்) பிரிவு வரிசையாகச் சொல்கிறது. கோப்பில் எழுதப்படாத ஒரு காரணத்தை, அந்த அலுவலகத்தில் மனுக்களுக்குப் பதில் தரும் பொதுத் தகவல் அலுவலர் யோசித்துச் சொல்ல வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2010, 2011 ஆகிய ஆண்டுகளின் தீர்ப்புகளில் தெளிவாக்கிவிட்டது. ஆகவே ‘ஏன்’ என்று தொடங்கும் மனு, எத்தனை நியாயமான மனுவாக இருந்தாலும், வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும்.

அதற்காகத் தாங்கள் கேட்டது கிடைக்காது என்று எண்ணிவிடக் கூடாது. அந்த மூன்று கேள்விகளுக்கும் மூன்று காகிதங்கள் இருக்கின்றன. அவற்றின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். சாம்பல் ஏன் கலக்கிறது என்பதற்குப் பதிலாக, இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை தண்ணீரில் கலந்த சாம்பலைக் கொண்டுசெல்லும் கூழ்க் குழாய்களில் ஏற்பட்ட உடைப்பு, கசிவு ஆகியவற்றைக் குறித்து வைத்துள்ள பதிவேட்டின் நகல், அதே காலத்தில் ஆற்று நீரில் எடுக்கப்பட்ட மாதிரிகளின் ஆய்வக அறிக்கைகள், மாசு கட்டுப்பாடு வாரியம் அந்த நிலையத்துக்கு அனுப்பிய காரணம் கேட்கும் அறிவிப்புகள், அவற்றுக்கு நிலையம் அளித்த பதில்கள் என்று எழுதுங்கள். யார் பொறுப்பு என்பதற்கு, குழாய்ப் பராமரிப்பைப் பார்க்கும் அலுவலர்களின் பதவிகளையும் கடமைகளையும் காட்டும் பணிப் பங்கீட்டு ஆணையின் நகலைக் கேளுங்கள். அதைக் கேட்காமலேயே வெளியிட்டு வைத்திருக்க வேண்டும் என்று 4(1)(பி) பிரிவு சொல்வதையும் ஒரு வரியில் சுட்டிக்காட்டுங்கள். எப்போது சரிசெய்வீர்கள் என்பதற்கு, குழாய் மாற்றும் பணிக்கான ஒப்பந்த ஆணையைக் கேளுங்கள். ஒப்பந்ததாரர் எந்தத் தேதிக்குள் வேலையை முடிக்க வேண்டும் என்பது அதில் இருக்கும். அப்படி ஓர் ஆணையே இல்லை என்று எழுதிக் கொடுத்தால், உங்கள் மூன்றாவது கேள்விக்கு அதைவிடத் தெளிவான பதில் வேறு என்ன வேண்டும்?

இன்னொன்று உண்டு, இது பலருக்கும் தெரிவதில்லை. 2006 செப்டம்பர் 14ஆம் தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற எந்தத் திட்டமும், தனக்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகளை எந்த அளவுக்கு நிறைவேற்றியது என்று ஆண்டுக்கு இருமுறை, ஜூன் 1 அன்றும் டிசம்பர் 1 அன்றும், அறிக்கை தர வேண்டும். இந்த அறிக்கைகள் பொது ஆவணங்கள் என்றும், விண்ணப்பிக்கும் எவருக்கும் நகல் தர வேண்டும் என்றும் அந்த அறிவிக்கையே சொல்கிறது. ‘குழாயைச் சீராகப் பராமரித்து வருகிறோம்’ என்று நிறுவனம் எழுதிக் கொடுத்திருக்கும் பக்கத்தையும், அதே அரையாண்டில் தாங்கள் கைப்பேசியில் தேதியோடு எடுத்த படத்தையும் அருகருகே வைத்தால், எந்த மேடையிலும் அதிகம் பேச வேண்டியிருக்காது.

ஆற்றங்கரையில் நிற்பவர்கள் கவனிக்க வேண்டிய விவரம் ஒன்று. வட சென்னை அனல்மின் நிலையம் மாநில அரசின் மின்துறையைச் சேர்ந்தது. வல்லூர் அனல்மின் நிலையமோ மத்திய அரசின் தேசிய அனல்மின் கழகமும் தமிழ்நாட்டு மின்துறையும் கூட்டாக நடத்துவது. எந்தக் குழாய் யாருடையது என்று தெரியாவிட்டால் மாசு கட்டுப்பாடு வாரியத்துக்கே எழுதிவிடுங்கள். தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால், 6(3) பிரிவின்படி ஐந்து நாட்களுக்குள் மனுவை அங்கே மாற்றி அனுப்புவது அவர்கள் கடமை. ‘இது எங்கள் துறை அல்ல’ என்று திருப்பிக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை.

*

கேள்வி: எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் இரசாயனத் தொழிற்சாலையின் புகைபோக்கியிலிருந்து என்ன வெளியேறுகிறது என்று கேட்டேன். ‘தனியார் நிறுவனத்தின் வணிக இரகசியம், தர இயலாது’ என்றார்கள். தனியார் நிறுவனத்தைப் பற்றி நாம் கேட்கவே கூடாதா?
– இல்லத்தரசி, மணலி

பதில்: கேட்கலாம், அம்மா. அந்த நிறுவனத்திடம் நேராகக் கேட்க முடியாது என்பது மட்டுமே உண்மை. வேறு ஒரு சட்டத்தின்படி அரசு அலுவலகம் ஒன்று பெறக்கூடிய தனியார் நிறுவனத் தகவலும் ‘தகவல்’தான் என்று, மேலே சொன்ன அதே 2(எஃப்) பிரிவின் கடைசி வரி கூறுகிறது. தொழிற்சாலையின் வாசலை உங்களுக்காக மாசு கட்டுப்பாடு வாரியம் தட்டும். வாரியத்தின் கதவை நீங்கள் தட்ட வேண்டும்.

வணிக இரகசியம் என்பது 8(1)(டி) பிரிவு. நிறுவனத்தின் போட்டி நிலைக்குத் தீங்கு நேரும் தகவலைத் தரத் தேவையில்லை என்று கூறும் அந்தப் பிரிவே, பெரிய அளவிலான பொது நலன் கோருமானால் தர வேண்டும் என்றும் கூறுகிறது. ஒரு மருந்தையோ உரத்தையோ எந்த விகிதத்தில் கலக்கிறார்கள் என்பது இரகசியமாக இருக்கலாம். அதைச் செய்து முடித்தபின் நம் மூக்குக்குள் அனுப்புவது எப்படி இரகசியமாகும்? நான் இதை வெறும் ஆத்திரத்தில் சொல்லவில்லை. இரண்டு பழைய சட்டங்கள் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கின்றன. 1981ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தின் 51ஆம் பிரிவு, தொழிற்சாலை இயங்க வாரியம் தரும் அனுமதியான இசைவாணை யார் யாருக்கு வழங்கப்பட்டது, என்னென்ன வெளியேற்றத் தர அளவுகள் விதிக்கப்பட்டன என்பதைக் காட்டும் பதிவேடு ஒன்றை வாரியம் வைத்திருக்க வேண்டும் என்றும், அந்த அளவுகளால் பாதிக்கப்படும் எவரும் அலுவலக நேரத்தில் அதைப் பார்க்கலாம் என்றும் கூறுகிறது. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்திலும் 25ஆம் பிரிவின் ஆறாவது உட்பிரிவு கழிவுநீருக்கு இதே உரிமையைத் தருகிறது. தகவல் உரிமைச் சட்டம் பிறப்பதற்கு இருபது, முப்பது ஆண்டுகள் முன்பே பக்கத்து வீட்டுக்காரருக்கு இந்த உரிமை இருந்தது. அதைக் கேட்டு யாரும் போகாததால், அப்படி ஒரு பதிவேடு இருக்கிறதா என்பதே சில அலுவலகங்களில் மறந்துபோய்விட்டது.

அடுத்து, உச்ச நீதிமன்றம் 2017 பிப்ரவரி 22 அன்று வழங்கிய தீர்ப்பு ஒன்றில், தொழிற்சாலைகளின் வெளியேற்ற அளவுகளைத் தொடர்ச்சியாக அளக்கும் கருவிகளின் பதிவுகளை மாநில மாசு கட்டுப்பாடு வாரியங்களின் இணையதளங்களில் பொதுமக்கள் பார்க்கும்படி காட்ட வேண்டும் என்று பணித்தது. பொதுவெளியில் காட்ட வேண்டும் என்று நீதிமன்றம் சொன்ன எண்களையே உங்களுக்கு இரகசியம் என்று ஒருவர் எழுதினால், அந்தப் பதில் கடிதம் முதல் மேல்முறையீட்டில் (அதை எப்படிச் செய்வது என்று கடைசிப் பதிலில் சொல்லியிருக்கிறேன்) உங்களுக்கான முதல் சான்று. மணலி, 2009ஆம் ஆண்டில் மத்திய மாசு கட்டுப்பாடு வாரியம் நாடு முழுவதும் எடுத்த கணக்கில் ‘கடும் மாசடைந்த தொழிற்பகுதி’ என்று குறிக்கப்பட்ட இடம் என்பதையும் அதே மேல்முறையீட்டில் எழுதுங்கள். பொது நலன் எங்கே இருக்கிறது என்று தனியாக விளக்கத் தேவைப்படாது.

எழுதும்போது ‘என்ன வெளியேறுகிறது’ என்று கேட்காமல், அந்தத் தொழிற்சாலைக்குக் காற்று, நீர் ஆகிய இரு சட்டங்களின்கீழ் வழங்கப்பட்டு இப்போது நடப்பில் உள்ள இயக்குவதற்கான இசைவாணை, நிபந்தனைகளுடன் என்று கேளுங்கள். அதோடு, ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 30க்குள் அந்தத் தொழிற்சாலை வாரியத்துக்குத் தர வேண்டிய சுற்றுச்சூழல் அறிக்கையையும், படிவம் 5 என்று குறிப்பிட்டு, கேளுங்கள். எவ்வளவு தண்ணீர் எடுத்தார்கள், எவ்வளவு கழிவு வெளியேற்றினார்கள் என்பதை அவர்களே கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கும் தாள் அது. ஒரு பக்கத்தில் உண்மையாகவே வணிக இரகசியம் இருந்தால் அந்த வரியை மட்டும் மறைத்துவிட்டு மீதியைத் தர வேண்டும் என்று 10ஆம் பிரிவு இருக்கிறது. முழுக் கோப்பையும் பூட்டி வைக்க அந்த ஒரு வரி சாவியாகாது.

*

கேள்வி: தகவல் உரிமை மனுவுக்கான பத்து ரூபாய்க் கட்டணத்தை எப்படிக் கட்டுவது? போஸ்டல் ஆர்டர் வைத்து அனுப்பினேன், செல்லாது என்று திரும்பிவிட்டது.
– தண்டையார்பேட்டை வாசகர்

பதில்: மாநில அரசு அலுவலகங்களுக்குப் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை, அதாவது கோர்ட் ஃபீ ஸ்டாம்பை, மனுவிலேயே ஒட்டி அனுப்புவதுதான் எளிது; பாரிமுனையில் உயர் நீதிமன்றத்தைச் சுற்றியுள்ள ஸ்டாம்ப் வெண்டர்களிடம் கிடைக்கும். போஸ்டல் ஆர்டர் மத்திய அரசு அலுவலகங்களுக்கு உரியது. மாநகராட்சி, மாசு கட்டுப்பாடு வாரியம், மாவட்ட ஆட்சியர் அலுவலகம் ஆகியவை மாநிலத்தைச் சேர்ந்தவை. காமராஜர் துறைமுகம் மத்திய அரசைச் சேர்ந்தது. நகலுக்குப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்கள் சான்றின் நகலை இணைத்தால் கட்டணமே இல்லை. இணையவழியாக விண்ணப்பிக்க மத்திய, மாநில அரசுகள் இரண்டுக்கும் தனித்தனி தளங்கள் இருக்கின்றன.

*

கேள்வி: எங்கள் பகுதியில் ஒரு திட்டத்துக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தினார்கள். அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கங்கள், எல்லாம் ஆங்கிலம். தமிழில் கொடுத்தது ஒரு மெல்லிய சுருக்கம். படிக்காத அறிக்கைக்கு நாங்கள் எப்படிக் கருத்துச் சொல்வது?
– குடியிருப்போர் சங்க நிர்வாகி, எர்ணாவூர்

பதில்: இந்தக் கேள்வியில் இருக்கும் கசப்பு எனக்கும் உண்டு. 2006ஆம் ஆண்டின் அறிவிக்கை, சுருக்க அறிக்கை மட்டும் ஆங்கிலத்திலும் அந்தந்த வட்டார மொழியிலும் இருந்தால் போதும் என்கிறது. வரைவு அறிக்கை முழுவதையும் மொழிபெயர்க்க வேண்டும் என்று அதில் இல்லை. சுருக்கத்தை எழுதுபவர் திட்டத்தைக் கொண்டுவருபவர் அமர்த்திய ஆலோசகர். சாப்பாட்டுக் கடைக்காரரே தன் கடைச் சாப்பாட்டைப் பற்றி எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு இலையில் உட்காருவது போன்றது இது.

ஆனால் நம் கையில் எதுவுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாட்கள் முன்பாக, ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் அறிவிப்பு வர வேண்டும். அந்த நாளிலிருந்து கூட்டம் முடியும்வரை, முழு வரைவு அறிக்கை மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மாநகராட்சி, மாவட்டத் தொழில் மையம் முதலிய இடங்களில் அலுவலக நேரத்தில் பார்வைக்கு இருக்க வேண்டும். பெரும்பாலோர் கூட்டத்தன்று மேடைக்கு முன்னால் போய் ஒலிபெருக்கியைப் பிடிக்கிறார்களே தவிர, அந்த 30 நாட்களில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய் ‘அறிக்கையைக் காட்டுங்கள்’ என்று கேட்பவர்கள் குறைவு. உங்கள் சங்கம் நான்கு பேரை அனுப்பட்டும். அதில் ஒருவர் கல்லூரி மாணவராக இருக்கட்டும். நூற்றுக்கணக்கான பக்கங்களையும் படிக்க வேண்டியதில்லை. நிலத்தின் இப்போதைய நிலையைச் சொல்லும் அத்தியாயத்தை முதலில் திருப்புங்கள். உங்கள் தெருவும், குளமும், பள்ளிக்கூடமும், படகு நிறுத்தும் துறையும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருக்கும் ஓர் ஓடையை ‘இல்லை’ என்று எழுதியிருப்பதைக் கண்டுபிடிக்க ஆங்கிலப் புலமை வேண்டாம், அந்த ஊரில் வாழ்ந்திருந்தால் போதும்.

தமிழில் தருமாறு கேட்பதற்கும் ஒரு பிடி உண்டு. தகவல் உரிமைச் சட்டத்தின் 4(4) பிரிவு, தாமாக வெளியிடும் தகவல்களை வட்டார மொழியைக் கருத்தில் கொண்டு பரப்ப வேண்டும் என்கிறது. 2020ஆம் ஆண்டில், இதே தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைக்கு மாற்றாகக் கொண்டுவந்த வரைவை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் மத்திய அரசு வெளியிட்டபோது, அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்த்து வெளியிடுமாறு டெல்லி உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு ஜூன் 30 அன்று உத்தரவிட்டது. ஒரு வரைவு அறிவிக்கைக்கே மொழி முக்கியம் என்றால், எர்ணாவூரில் எழும்பப்போகும் புகைபோக்கிக்கு எவ்வளவு முக்கியம் என்று எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். அந்தக் கடிதம் கூட்ட நடவடிக்கைகளில் சேரும்.

கூட்டம் முடிந்தபின் ஒரு வேலை இருக்கிறது. நடவடிக்கைக் குறிப்பு அன்றே வட்டார மொழியில் கூட்டத்தில் படித்துக் காட்டப்பட வேண்டும், முழுக் கூட்டமும் ஒளிப்பதிவு செய்யப்பட வேண்டும். அந்தப் பதிவின் நகலைக் கேட்டு வாங்குங்கள். ‘மக்கள் திட்டத்தை வரவேற்றனர்’ என்று குறிப்பில் ஒரு வரி ஏறியிருந்தால், ஒளிப்பதிவு அதை மறுக்கும்.

*

கேள்வி: 2023 டிசம்பர் 26 நள்ளிரவை நாங்கள் மறக்கவில்லை. கண் எரிந்து, மூச்சு முட்டி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினோம். எந்தப் பக்கம் ஓடுவது என்றுகூட எவரும் சொல்லித் தரவில்லை. இதையெல்லாம் முன்கூட்டியே தெரிந்துகொள்ள எங்களுக்கு உரிமை இருந்ததா?
– எண்ணூர்க் குப்பத்து வாசகி

பதில்: இருந்தது, இப்போதும் இருக்கிறது. கடலுக்கடியில் வரும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்த அந்த இரவில் உங்களிடம் இருந்திருக்க வேண்டிய காகிதத்தைப் பற்றிய விதி 1989லேயே எழுதப்பட்டுவிட்டது. அபாயகரமான இரசாயனங்களைத் தயாரிப்பது, சேமிப்பது, இறக்குமதி செய்வது பற்றிய அந்த ஆண்டின் விதிகளில் 15ஆவது விதி, பெரு விபத்து நேர்ந்தால் பாதிக்கப்படக்கூடிய வெளியாட்களுக்கு, அபாயம் எத்தகையது, விபத்தின்போது என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பதைத் தெரிவிக்கும் பொறுப்பை ஆலையை நடத்துபவர் மீது சுமத்துகிறது. அதே விதிகளின்படி ஆலைக்குள் பின்பற்றும் அவசரகாலத் திட்டம் ஒன்றும், ஆலைக்கு வெளியே ஊருக்கான அவசரகாலத் திட்டம் ஒன்றும் இருக்க வேண்டும். முதலாவதை ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், இரண்டாவதை ஆண்டுக்கு ஒருமுறையாவதும் ஒத்திகை பார்க்க வேண்டும். இந்த விதிகள் எல்லாம் 1984ஆம் ஆண்டு போபாலில் ஊரே உறங்கிக்கொண்டிருந்தபோது நடந்ததற்குப் பிறகு வந்தவை. அங்கும் மக்கள் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல்தான் ஓடினார்கள்.

1996ஆம் ஆண்டில் இரசாயன விபத்துகளுக்கென்றே வந்த தனி விதிகள், மாவட்ட அளவிலும் உள்ளூர் அளவிலும் நெருக்கடிக் குழுக்களை அமைக்கச் சொல்கின்றன. உள்ளூர்க் குழு, பொதுமக்கள் கேட்டால், தன் பகுதியில் நேரக்கூடிய இரசாயன விபத்துகளைப் பற்றிய தகவலைத் தர வேண்டும் என்றும் சொல்கின்றன. ஆகவே மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு எழுதும் மனுவில், எங்கள் பகுதிக்கான ஆலைக்கு வெளியிலான அவசரகாலத் திட்டத்தின் நகல், கடைசி மூன்று ஒத்திகைகளின் தேதி, அவற்றின் அறிக்கை, உள்ளூர் நெருக்கடிக் குழுவின் கூட்டக் குறிப்புகள் என்று கேளுங்கள். ‘பாதுகாப்புக் காரணங்களால் தர இயலாது’ என்று பதில் வரக்கூடும். ஊராருக்காகப் போட்ட திட்டத்தை ஊராரிடமிருந்தே மறைத்தால் அது யாரைக் காக்கும் என்று மேல்முறையீட்டில் கேட்கலாம்.

மனுவுக்குப் பதில் வரும்வரை காத்திருக்க முடியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அம்மோனியா தண்ணீரில் எளிதில் கரையும் வாயு. துணியை நனைத்து மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக நகர வேண்டும். காற்றோடு சேர்ந்து ஓடினால் வாயுவும் கூடவே வரும். கடற்காற்றும் தரைக்காற்றும் எந்த நேரத்தில் மாறும் என்பது குப்பத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

*

கேள்வி: கடலோர வரைபடத்தில் எங்கள் ஊர் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? ஒவ்வோர் அலுவலகமும் ஒவ்வொரு வரைபடத்தைக் காட்டுகிறது.
– முகத்துவாரக்குப்பம் வாசகர்

பதில்: எந்த வரைபடமானாலும், ‘இதற்கு ஒப்புதல் அளித்த மத்திய அமைச்சகக் கடிதத்தின் எண்ணும் தேதியும் என்ன’ என்று கேளுங்கள். உங்கள் ஊருக்கு இதைச் சொல்லித் தர எனக்குத் தகுதியில்லை. எண்ணூர் மீனவர்கள்தான் இதை மற்றவர்களுக்குச் சொல்லித் தந்தவர்கள். 1996ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்ற கடலோர மேலாண்மை வரைபடத்தில் எண்ணூர் ஓடை பாதுகாக்கப்பட்ட நீர்ப்பரப்பாக இருந்தது. பிற்பாடு அரசு தரப்பிலிருந்து வெளிவந்த வரைபடம் ஒன்றில் அந்த ஓடையையே காணவில்லை. எது ஒப்புதல் பெற்றது என்று தகவல் உரிமை மனுக்கள் வழியே கேட்டபோதுதான் பழைய வரைபடம்தான் ஒப்புதல் பெற்றது என்று தெரியவந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை வீசுபவர் தான் நிற்பது தண்ணீர்தான் என்று நிரூபிக்க ஓர் எழுத்து வேண்டியிருந்தது.

2011, 2019 ஆகிய ஆண்டுகளின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகளுக்கு ஏற்ப வரைபடங்கள் புதிதாகத் தயாரிக்கப்படுகின்றன. கடல்நீர் ஏறிவரும் எல்லையைக் காட்டும் உயர் அலைக் கோடு எங்கே போகிறது, உங்கள் வலை உலர்த்தும் இடம், படகுத்துறை, குடியிருப்பு ஆகியவை குறிக்கப்பட்டுள்ளனவா என்று புல எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நகல் வாங்கும்போது வண்ண நகலாகக் கேளுங்கள். கறுப்பு வெள்ளை நகலில் மண்டலங்களின் நிறம் எல்லாம் ஒரே சாம்பலாகிவிடும்.

*

கேள்வி: எங்கள் படிப்பகத்தில் சட்டப் பிரிவுகளையும் தீர்ப்புகளையும் அச்சிட்டு ஒட்ட நினைக்கிறோம். காப்புரிமைச் சிக்கல் வருமா?
– மாணவர், கொருக்குப்பேட்டை

பதில்: வராது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, நீதிமன்றத் தீர்ப்புகளையும் அரசிதழில் வந்தவற்றையும் மறுபடி வெளியிடுவதை உரிமை மீறல் அல்ல என்கிறது. சட்டமன்றம் இயற்றிய சட்டத்தின் மூலத்தை விளக்கவுரையோடு சேர்த்து வெளியிட்டால் அதுவும் மீறல் அல்ல. நீங்களே நான்கு வரி விளக்கம் எழுதிச் சேருங்கள். படிப்பவர்களுக்கும் அதுதான் உதவும். தனியார் பதிப்பகத்தின் சட்டப் புத்தகத்திலுள்ள விளக்கத்தை மட்டும் நகலெடுக்காதீர்கள். மத்தியச் சட்டங்களின் மூலம் இந்தியா கோட் என்ற அரசுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சில தமிழிலும் வெளியிடப்படுகின்றன. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணைகளும் இணையத்திலேயே உள்ளன. பழைய அரசிதழ்களுக்கும் அரசு அறிக்கைகளுக்கும் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போகலாம்.

*

கேள்வி: மனுக் கொடுத்து நாற்பது நாள் ஆகிறது. பதில் இல்லை. நேரில் போனால் ‘உனக்கு எதற்கு இது, நீ யார்’ என்று கேட்கிறார்கள். வழக்கறிஞர் வைக்க எனக்கு வசதியில்லை.
– வியாசர்பாடி வாசகி

பதில்: எதற்கு என்று கேட்க அவர்களுக்கு உரிமையில்லை. மனுதாரர் காரணம் சொல்ல வேண்டியதில்லை, தொடர்பு கொள்ளத் தேவையான விவரத்தைத் தவிர வேறு சொந்த விவரம் எதையும் தர வேண்டியதில்லை என்று 6(2) பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவை ஒரு துண்டுத் தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். நானே ஓர் அலுவலகத்தில், கோப்பைப் பார்வையிடச் சென்ற இடத்தில், இரண்டு மணி நேரம் நாற்காலி தராமல் நிறுத்தி வைக்கப்பட்டேன். கடைசியில் பார்வையிடும் கட்டணத்தைப் பற்றி அவர்களே பேச்செடுத்தபோது, முதல் ஒரு மணி நேரம் கட்டணமில்லை என்ற விதியைச் சொன்னேன். அதன் பிறகு நாற்காலி வந்தது. விதி தெரிந்தவர் என்று தெரிந்ததும் நடத்தும் விதம் மாறுவது சரியல்லதான், ஆனால் நடப்பு அதுதான்.

30 நாட்களில் பதில் வராவிட்டால் மறுத்ததாகவே பொருள். அன்றிலிருந்து 30 நாட்களுக்குள், அதே அலுவலகத்தில் பொதுத் தகவல் அலுவலருக்கு மேல்நிலையில் இருக்கும் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு அனுப்ப வேண்டும். உங்களுக்கு இன்னும் இருபது நாள் இருக்கிறது. கட்டணம் இல்லை, படிவமும் தேவையில்லை. ஒரு வெள்ளைத்தாள் போதும். மனுவின் நகலையும் அது சேர்ந்ததற்கான அஞ்சல் அத்தாட்சியையும் இணையுங்கள். காலக்கெடு தாண்டிவிட்டதால் இனி நகல்களுக்குக் கட்டணமும் வாங்கக் கூடாது என்று 7(6) பிரிவைக் குறிப்பிடுங்கள். அங்கும் 45 நாட்கள் வரை பார்த்துவிட்டு, 90 நாட்களுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு செய்யலாம். தகவல் தராததற்கு நியாயம் காட்ட வேண்டிய சுமை அலுவலருடையது, உங்களுடையது அல்ல. நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அவருக்கே அபராதம் விதிக்கவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. இரண்டாம் மேல்முறையீடு விசாரணைக்கு வர மாதக் கணக்கில், சில சமயம் அதற்கும் மேலாக, காத்திருக்க நேரும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதனால்தான் முதல் மனுவையே திருத்தமாக எழுதச் சொல்லி இத்தனை பத்திகள் எழுதினேன்.

ஒரு புதிய முட்டுக்கட்டையையும் அறிந்து வையுங்கள். தனிநபர் தகவல் பற்றிய 8(1)(ஜே) பிரிவு, 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தால் திருத்தப்பட்டு, அந்தத் திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்துவிட்டது. முன்பு அந்தப் பிரிவுக்குள்ளேயே இருந்த பொது நலன் பற்றிய சொற்கள் இப்போது இல்லை. ஆய்வுக்கு வந்த அலுவலரின் பெயரைக்கூடத் தனிநபர் தகவல் என்று மறுக்கும் வழக்கம் இதனால் பெருகும் என்பது என் அச்சம். ஆனால் 8(2) பிரிவு அப்படியே இருக்கிறது. மறைப்பதால் காக்கப்படும் நலனைவிடப் பொது நலன் பெரிது என்றால் தகவலைத் தரலாம் என்பதே அது. ஆகவே இனி எழுதும் மனுக்களில் ஆட்களின் பெயரைக் கேட்காமல் பதவியைக் கேளுங்கள். மேல்முறையீட்டில் 8(2) பிரிவைத் தவறாமல் எழுதுங்கள்.

வழக்கறிஞர் பற்றி: தகவல் ஆணையத்தில் நீங்களே வாதாடலாம். அதையும் தாண்டிப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கோ நீதிமன்றத்துக்கோ போக வேண்டியிருந்தால், 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசச் சட்ட உதவி கிடைக்கும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிலாளர்கள், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்கும், வெள்ளம், தொழிற்சாலைப் பேரிடர் ஆகியவற்றால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் இது பொருந்தும். 15100 என்ற எண்ணை அழைத்து, உங்கள் பகுதிக்கான சட்டப் பணிகள் குழு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். போகும்போது அஞ்சல் அத்தாட்சியின் அசலை வீட்டில் வைத்துவிட்டு நகலை மட்டும் எடுத்துச் செல்லுங்கள்.